தலைப்பாகையோடு போகாத அடி

1998ஆம் ஆண்டு பிப்ரவரி 20. டாக்காவில் உள்ளூர்க் கழகங்களுக்கு இடையே ஒரு கிரிக்கெட் ஆட்டம். அபஹானி அணிக்காக ஆடிக்கொண்டிருந்த இந்திய வீரர் ராமன் லாம்பா, மட்டையாளருக்கு மிக அருகே ஃபார்வர்டு ஷார்ட் லெக் நிலையில் வந்து நின்றார். ஓவரில் மூன்று பந்துகளே எஞ்சியிருந்தன. அதற்காக ஹெல்மெட் வரவழைக்க வேண்டுமா என்று விட்டுவிட்டதாகச் சொல்வார்கள். மெஹ்ராப் ஹுசைன் ஓங்கி அடித்த பந்து லாம்பாவின் தலையில் பட்டு எகிறியது, விக்கெட் காப்பாளர் அதைப் பிடித்தார், மட்டையாளர் ஆட்டமிழந்தார். களத்தில் இருந்தவர்கள் கண்டது இவ்வளவுதான்: ஒருவர் அடிபட்டார், எழுந்தார், தம் கால்களாலேயே நடந்து ஓய்வறைக்குப் போனார். போன பிறகுதான் நினைவு தப்பியது. அதற்குள் மண்டைக்குள் ரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. அறுவைச் சிகிச்சை பயனளிக்கவில்லை. பிப்ரவரி 23 அன்று, தம் 38ஆம் வயதில் இறந்தார்.

இந்த மரணம் நினைவுகூரப்படும்போதெல்லாம் ஹெல்மெட் பற்றிய நீதிக்கதையாகவே சொல்லப்படுகிறது. ஹெல்மெட் அணிந்திருக்க வேண்டும் என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால் அந்தக் கதையில் எவரும் நின்று பார்க்காத இடம் ஒன்று உண்டு. அது, அடிபட்டவர் நடந்து போன அந்தச் சில நிமிடங்கள். தலையடி பற்றி இந்தியச் சமூகம் சேர்த்துவைத்திருக்கும் அறிவு முழுவதும் அந்த நிமிடங்களில்தான் தோற்றுப்போகிறது. ‘எழுந்துவிட்டான், பேசுகிறான், ஒன்றுமில்லை.’ தமிழில் இதற்கென்றே ஒரு பழமொழி தயாராக இருக்கிறது: தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. போயிற்றா இல்லையா என்பதை அடுத்த 24 மணி நேரம்தான் சொல்லும்.

வசதியின்மையே இதற்கெல்லாம் காரணம் என்று எண்ணுபவர்களுக்கு நடாஷா ரிச்சர்ட்ஸனின் கதை இருக்கிறது. 2009 மார்ச் 16 அன்று கனடாவின் மான்ட் ட்ரம்ப்ளான்ட் பனிமலையில், புதிதாகக் கற்பவர்களுக்கான சரிவில், அந்த நடிகை விழுந்தார். சிரித்துப் பேசிக்கொண்டே எழுந்தார். மருத்துவ உதவி வேண்டாம் என்றார். வந்த ஆம்புலன்ஸும் திரும்பிப் போயிற்று. சிறிது நேரத்தில் தலைவலி தொடங்கியது. இரண்டு நாள் கழித்து நியூயார்க் மருத்துவமனையில் இறந்தார். வயது 45. பணம், புகழ், அருகிலேயே நவீன மருத்துவம் எல்லாம் இருந்தன. தலைவலி வரக் காத்திருந்து கவனிக்க வேண்டும் என்ற அறிவு மட்டும் அந்த முதல் மணி நேரத்தில் இல்லை.

மருத்துவத்துக்கு இது புதிய செய்தி இல்லை. ‘பேசிவிட்டு இறக்கும் தலைக்காய நோயாளிகள்’ என்ற பொருள்பட, கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் 1975இலேயே லான்செட் இதழில் கட்டுரை எழுதிவிட்டார்கள். தலைப்பிலேயே வாதமும் இருக்கிறது. அடிபட்டபின் ஒருவர் பேசினார் என்றால், அந்த அடி அவருடைய மூளையை அக்கணமே சிதைக்கவில்லை என்று பொருள். அவரைக் கொன்றது பிறகு நிகழ்ந்த ஒன்று. பிறகு நிகழ்வதைத் தடுக்க அவகாசம் இருந்தது. அந்த அவகாசத்தில் யார், எங்கே, என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

பிறகு நிகழ்வது என்ன? மண்டையோடு விரிந்துகொடுக்காத பெட்டி. அதற்குள் மூளை, ரத்தம், மூளைத் தண்டுவடத் திரவம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று இடம்விட்டு வாழ்கின்றன. நான்காவதாக ஒன்று நுழைந்தால் மற்றவை இடம்பெயர வேண்டும். ஸ்காட்லாந்தின் மன்றோவும் கெல்லியும் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இதைச் சொன்னார்கள். இன்றுவரை நரம்பியலின் பாலபாடம் இதுவே. காதுக்கு முன்புறம், நெற்றிப்பொட்டுப் பகுதியில் மண்டையெலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. அங்கே எலும்பில் விரிசல் விழுந்தால் தமனி கிழியக்கூடும். எலும்புக்கும் மூளையின் தடித்த வெளியுறைக்கும் நடுவே ரத்தம் தேங்கத் தொடங்கும். இதுதான் எபிடூரல் ரத்தக்கட்டு. தமிழ் பேசுபவர்கள் ‘பொட்டில் அறைந்தாற்போல்’ என்று சொல்லிப் பழகியவர்கள். அந்த இடத்தின் அருமை மொழிக்குத் தெரிந்திருக்கிறது, மொழியைப் பேசுபவர்களுக்குத்தான் மறந்துவிட்டது.

தொடக்கத்தில் மூளை இந்தப் புதிய விருந்தாளிக்கு இடம் கொடுத்துப் பார்க்கும். சிறிது திரவம் வெளியேறும், சிரை ரத்தம் விலகும், ஆள் தெளிவாகவே இருப்பார். இந்தத் தெளிவான இடைவேளை சில நிமிடங்களும் இருக்கலாம், பல மணி நேரமும் நீடிக்கலாம். கொடுக்க இடமில்லாமல் போகும் கட்டம் வந்ததும் அழுத்தம் செங்குத்தாக ஏறும். தலைவலி கடுமையாகும், வாந்தி வரும், பேச்சு குழறும், எழுப்பினால் எழாத உறக்கம் வரும், கடைசியில் மூளையின் ஒரு பகுதி பிதுங்கி நரம்பை நெரிக்க, ஒரு கண்ணின் பாவை விரிந்து நின்றுவிடும். திரைப்படங்களில் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்க்கும் மருத்துவரைக் கண்டு பழகிய படித்தவர்கள், பாவை சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று நம்புகிறார்கள். பாவை விரிவது கடைசி மணி. அதற்கு முன் பல மணிகள் அடித்து ஓய்ந்திருக்கும்.

இந்த அறியாமைக்கு மருத்துவத் துறையே ஒரு சொல்லைக் கொடுத்து உதவியிருக்கிறது. ‘லேசான தலைக்காயம்’ என்ற சொல். டீஸ்டேலும் ஜென்னெட்டும் 1974இல் வகுத்த கிளாஸ்கோ அளவுகோல், கண் திறப்பு, பேச்சு, அசைவு ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் போடுகிறது. குறைந்தபட்சம் 3, அதிகபட்சம் 15. (பூஜ்யம் கிடையாது, பிணத்துக்கும் 3 கிடைத்துவிடும்.) 13 முதல் 15 வரை பெற்றவர் ‘லேசான’ வகை. சோதித்துப் பார்த்த நேரத்தில் அவர் எப்படி இருந்தார் என்பதற்கு மேல் அந்த எண் எதையும் உறுதியளிப்பதில்லை. ஆனால் மதிப்பெண்ணை வணங்கும் நாட்டில் 15க்கு 15 வாங்கியவரை யார் சந்தேகிப்பார்கள்? மருத்துவச் சீட்டில் எழுதப்பட்ட ‘லேசான’ என்ற சொல், விடுதிக் காப்பாளரின் மேசைக்கு வருவதற்குள் ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்று மொழிபெயர்ந்துவிடுகிறது.

வீட்டு வைத்தியத்தின் தர்க்கமும் இதற்குச் சளைத்ததில்லை. ‘வெளியே வீங்கிவிட்டது, நல்லது, இல்லாவிட்டால் உள்ளே கட்டியிருக்கும்’ என்பது இந்தியாவின் பல மொழிகளில் பாட்டிமார் சொல்லும் ஆறுதல். புடைப்பு, எலும்புக்கு வெளியே தோலடியில் நிகழ்வது. உள்ளே நிகழ்வதற்கும் அதற்கும் இடையே எந்தக் கொடுக்கல்வாங்கலும் இல்லை. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நெற்றி அல்லாத இடத்தில் புடைப்பு இருந்தால் அது கூடுதல் எச்சரிக்கைக்கே காரணம். ‘தூங்கவே விடாதே’ என்பது இன்னொன்று. அடிபட்டவர் தூங்கலாம். எழுப்பினால் வழக்கம்போல் எழுந்து, வழக்கம்போல் எரிந்துவிழுந்து, மீண்டும் படுக்க வேண்டும். அப்படி எழுப்ப அருகில் ஒருவர் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

‘அப்படியானால் எல்லோருக்கும் சி.டி. ஸ்கேன் எடுத்துவிடலாமே’ என்று ஒரு தரப்பு உடனே கிளம்பும். நகரங்களின் தனியார் மருத்துவமனைகள் இந்தத் தரப்பை மிகுந்த பரிவோடு வரவேற்கின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் இதற்கான விடையை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 2009இல் வெளியான பெகார்ன் ஆய்வில், தலையில் அடிபட்டுத் தெளிவாக இருந்த 42,412 குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். பொருட்படுத்தத்தக்க மூளைக்காயம் இருந்தது 376 பேருக்கு. மூளை அறுவை தேவைப்பட்டது 60 பேருக்கு. நூற்றில் ஒருவருக்கும் குறைவு. மீதிப் பேருக்கு ஸ்கேன் எடுத்தால் கிடைப்பது கதிர்வீச்சும் கட்டணச் சீட்டும். 2001இல் வந்த கனடிய விதி, பெரியவர்களில் யாருக்கு ஸ்கேன் தேவை என்பதைச் சில கேள்விகளிலேயே பிரித்துக் காட்டுகிறது: அடிபட்டு இரண்டு மணி நேரமாகியும் முழுத் தெளிவு வரவில்லையா, இரண்டு முறையோ அதற்கு மேலோ வாந்தியா, மண்டையோடு உடைந்ததற்கான அடையாளம் உண்டா, வயது 65 ஆகிவிட்டதா, அடிபடுவதற்கு முந்தைய அரைமணி நேரம் நினைவிலிருந்து அழிந்துவிட்டதா, வேகமான வாகனமோ உயரமோ காரணமா. ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்புபவருக்கும் ‘எல்லாவற்றையும் எடு’ என்று எழுதுபவருக்கும் பொதுவானது ஒன்றே: இந்தக் கேள்விகளைக் கேட்கும் பொறுமை இருவருக்கும் இல்லை.

ஆபத்து அரிதானது என்பதே கவனிப்பின் மதிப்பைக் கூட்டுகிறது. நூறு பேரில் 99 பேருக்கு இயந்திரம் தேவையில்லை. ஒரு நாள் உடனிருக்கும் ஒரு மனிதர் போதும். அந்த மனிதர் யார்? இந்தியப் பல்கலைக்கழகங்களில் அவர் பெரும்பாலும் அறைத்தோழர். வயது 19 அல்லது 20. வேறு மாநிலம், வேறு மொழி. தலையடி பற்றி அவருக்கு எவரும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆய்வு மாணவர் என்றால் தனி அறை. எழுப்பிப் பார்க்க ஆளே கிடையாது. குளியலறையில் வழுக்கி விழுந்தவர், மேல் கட்டிலிலிருந்து இறங்கும்போது தவறியவர், கால்பந்தில் தலையோடு தலை மோதியவர், ஸ்கூட்டர் பின்னிருக்கையிலிருந்து சாய்ந்தவர் என்று வளாக மருத்துவ மையத்துக்கு வருபவர்களுக்குக் கிடைப்பது டெட்டனஸ் ஊசி, வலி மாத்திரை, ஆங்கிலத்தில் இரண்டு வரி. எந்த அறிகுறி கண்டால் திரும்பி வர வேண்டும் என்று, அவரோடு வந்தவருக்குப் புரியும் மொழியில் ஒரு தாள் இராது. பிரிட்டனில் தலையடிபட்டவரை வீட்டுக்கு அனுப்பும்போது அறிவுரைத் தாளைக் கையில் கொடுத்தனுப்ப வேண்டும் என்பது தேசிய வழிகாட்டுதல். இங்கே அந்தத் தாளின் விலை ஒரு ரூபாயைத் தாண்டாது.

இதைவிடக் கொடியது மது நாற்றம் விளையாடும் விளையாட்டு. விடுதியில் ஒரு கொண்டாட்டம், ஒருவர் படிக்கட்டில் விழுகிறார், உளறுகிறார், வாந்தி எடுக்கிறார், அசந்து தூங்குகிறார். போதையின் அறிகுறிகளும் மூளை அழுத்தத்தின் அறிகுறிகளும் இங்கே ஒன்றேபோல் தோன்றும். அதனால்தான் மது அருந்தியிருந்தவருக்குத் தலையில் அடிபட்டால் கூடுதல் எச்சரிக்கை தேவை என்கிறது மருத்துவம். விடுதி நேர்மாறாகச் சொல்கிறது: ‘குடித்திருக்கிறான், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்.’ நண்பர்களுக்குச் சந்தேகம் எழுந்தாலும் காப்பாளரை அழைக்க மாட்டார்கள். அழைத்தால் மறுநாள் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும், பெற்றோருக்குக் கடிதம் போகும், அறை பறிபோகும். 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், சாலையில் அடிபட்டுக் கிடக்கும் முன்பின் அறியாதவரை மருத்துவமனையில் சேர்ப்பவருக்கு 134ஏ பிரிவின்கீழ்ப் பாதுகாப்பு அளிக்கிறது. தன் அறைத்தோழனைத் தூக்கிக்கொண்டு ஓடும் மாணவனுக்கு விடுதி விதிகளில் அதற்கு ஈடான ஒரு வரிகூட இல்லாத வளாகங்கள் உண்டு. ஒழுங்கைக் காக்கும் குழுக்களுக்கு இந்த முரண் உறுத்துவதாகத் தெரியவில்லை.

வளாகம் என்பது மாணவர்கள் மட்டுமல்லர். புதிய கட்டடங்கள் எழாத பல்கலைக்கழகம் இன்று அரிது. சாரத்திலிருந்து விழுந்த செங்கல் ஒரு தொழிலாளியின் தலையில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேஸ்திரி தண்ணீர் கொடுத்து நிழலில் உட்காரவைப்பார். அரைமணி கழித்து அவர் எழுந்து வேலைக்குப் போவார். போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. இரவு தகரக் கொட்டகையில் தலைவலி அதிகமானால், பத்தடி தள்ளியிருக்கும் பல்கலைக்கழக மருத்துவ மையம் அடையாள அட்டை கேட்கும். சமூகநீதி பற்றிய கருத்தரங்குகள் நடக்கும் அரங்கத்தின் சுவரை எழுப்பியவர் அவர்தான் என்பதை இங்கே சொல்வது மேடைத்தனமாகப் படலாம். படட்டும்.

கவனிக்க வேண்டியவை ஒரு விருப்பப்பாடம் அளவுக்குக்கூட நீளமானவை அல்ல. நேரம் ஆக ஆகக் குறையாமல் கூடும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, வழக்கத்துக்கு மாறான மயக்கம் அல்லது எழுப்ப முடியாமை, குழப்பம், கேட்டதையே கேட்பது, குணத்தில் திடீர் மாற்றம், பேச்சுக் குழறல், பார்வை இரட்டிப்பது, கைகால் ஒன்றில் வலுவிழப்பு அல்லது மரத்துப்போதல், வலிப்பு, மூக்கிலோ காதிலோ நீர்போன்ற திரவம் வடிதல், கண்ணைச் சுற்றியோ காதுக்குப் பின்புறமோ கன்றிப்போதல், அடிபட்ட கணத்தில் சில நொடிகளேனும் நினைவு தப்பியிருத்தல். இவற்றில் ஒன்று போதும், நரம்பியல் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கிளம்ப. 108ஐயோ 112ஐயோ அழைக்கலாம். அடிபட்டவரே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள் அறிகுறிக்காகக் காத்திருக்கவே வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வகைகள் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடும்.

உயிருக்கு ஆபத்தில்லாத மூளையதிர்ச்சியைப் பற்றியும் இந்தியப் பொதுப்புத்தி என்ன நினைக்கிறது என்பது 2020 டிசம்பர் 4 அன்று கான்பெராவில் தெரிந்தது. கடைசி ஓவரில் ஸ்டார்க்கின் பந்து ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பட்டது. அவர் தொடர்ந்து ஆடி முடித்தார். இடைவேளையில் தலைசுற்றுவதாகச் சொல்ல, மாற்று வீரராக சாஹல் இறங்கி மூன்று விக்கெட் எடுத்தார், இந்தியா வென்றது. ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் வெளிப்படையாகவே கொதித்தார். இந்திய ரசிகர்களோ அதை ஒரு சாமர்த்தியம் என்று கொண்டாடினார்கள். எதிர்த்தவர்கள், கொண்டாடியவர்கள் இருதரப்பின் அடிப்படை நம்பிக்கையும் ஒன்றே: அடிபட்டும் ஆடியவருக்கு உண்மையில் ஒன்றும் ஆகியிருக்காது. அதற்கு முந்தைய ஆண்டு லார்ட்ஸ் மைதானத்தில் ஆர்ச்சரின் பந்தில் கழுத்தில் அடிபட்ட ஸ்டீவ் ஸ்மித், சோதனைகளில் தேறி மீண்டும் வந்து ஆடினார். மறுநாள் காலையில்தான் தலைவலியும் மந்தமும் வந்து ஆட்டத்திலிருந்து விலகினார். மூளையதிர்ச்சி தாமதித்து வரும். அது எந்த அணிக்குச் சாதகம் என்று பார்த்து வருவதில்லை.

வகுப்பறைக்கும் இது பொருந்தும். மூளையதிர்ச்சிக்குப் பின் ஓரிரு நாள் ஓய்வும், அதன்பின் படிப்படியாக வேலைக்குத் திரும்புதலும்தான் 2022 ஆம்ஸ்டர்டாம் மாநாட்டின் ஒருமித்த கருத்து. இருட்டறையில் வாரக்கணக்கில் முடங்குவதையும் அது ஏற்பதில்லை. ஆனால் எழுத்துகள் மிதக்கின்றன, ஒலி எரிச்சலூட்டுகிறது, பத்து நிமிடத்துக்கு மேல் படிக்க முடியவில்லை என்று ஒரு மாணவி வந்து நின்றால், கட்டுப்போடாத தலையை ஏறிட்டுப் பார்த்துவிட்டு 75 விழுக்காட்டு வருகைப்பதிவை நினைவூட்டும் பேராசிரியர்களுக்குப் பஞ்சமில்லை. கால் முறிந்தவருக்குக் கிடைக்கும் மரியாதை மூளை குலுங்கியவருக்குக் கிடைப்பதில்லை. மாவுக்கட்டு கண்ணுக்குத் தெரிகிறது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

இன்னொரு தொலைபேசி அழைப்பையும் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து அம்மா பேசுகிறார்: ‘அப்பா பாத்ரூமில் வழுக்கிக் கதவில் இடித்துக்கொண்டார், ஒன்றுமில்லை, நீ படி.’ முதியவர்களின் மூளை சற்றே சுருங்கியிருப்பதால் அதைச் சுற்றியுள்ள நுண்சிரைகள் இழுபட்டு நிற்கின்றன. சிறு இடியிலும் கிழிந்து, சொட்டுச் சொட்டாகக் கசியும். இடம் தாராளமாக இருப்பதால் வாரக்கணக்கில் எதுவும் தெரியாது. மூன்றாம் வாரமோ ஆறாம் வாரமோ நடை தடுமாறும், ஒரு கை சோரும், பெயர்கள் மறக்கும், பகலெல்லாம் தூக்கம் வரும். குடும்பம் ‘வயதாகிவிட்டது’ என்று முடிவு கட்டும். கதவில் இடித்தது யாருக்கும் நினைவிராது. இந்த நாள்பட்ட ரத்தக்கட்டு, மண்டையில் சிறு துளையிட்டு வடித்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகக்கூடியது. முதுமை மறதி என்று முத்திரை குத்தப்பட்டு மூலையில் அமர்த்தப்பட்டவர்களில் எத்தனை பேர் ஒரு ஸ்கேன் தூரத்தில் இருந்தார்கள் என்று கணக்கெடுக்க இனி வழியில்லை.

இதையெல்லாம் சொன்னால் மாணவர்கள் பீதியடைவார்கள் என்பது நிர்வாகங்களின் வழக்கமான மறுமொழி. மாணவர்களும் பெற்றோர்களும் ஆண்டுதோறும் பகடிவதைக்கு எதிரான உறுதிமொழியில் கையெழுத்திடுகிறார்கள். தீயணைப்பான் எங்கே இருக்கிறது என்று சுவரில் அம்புக்குறி இருக்கிறது. இவற்றால் யாரும் பீதியடைந்ததாகத் தெரியவில்லை. சேர்க்கைநாள் கற்றையில் இன்னும் ஒரு தாள் சேரலாம்: வளாகத்தில் பேசப்படும் மொழிகளில், அறிகுறிகளோடு. விடுதிக் காவலர்களுக்கும் சமையற்கூடப் பணியாளர்களுக்கும் கட்டட ஒப்பந்ததாரரின் ஆட்களுக்கும் அதே தாள். தனி அறையில் இருப்பவர் அடிபட்டால் ஓரிரவு உடனிருக்க ஆள் ஏற்பாடு செய்வது காப்பாளரின் கடமை என்று ஒரு விதி. மருத்துவ உதவிக்கு அழைத்தவர்மீதும் அழைத்துவரப்பட்டவர்மீதும் அந்த இரவை முன்னிட்டு ஒழுங்கு நடவடிக்கை கிடையாது என்று இன்னொரு விதி. தாளின் முதல் வரியில், இரவு இரண்டு மணிக்கு எந்த எண்ணை அழைத்தால் எந்த ஓட்டுநர் எந்த வண்டியோடு வருவார் என்பது இருக்க வேண்டும். துணைவேந்தரின் வாழ்த்துரை பின்பக்கத்தில் இருந்தால் போதும்.